தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நிற்பவர்கள்

இளங்கலைத் தமிழ்த் தேர்வுத்தாள்களில் அடிக்கடி இடம்பெறும் வினா ஒன்று உண்டு. ஒரு நாவலையோ சிறுகதையையோ குறிப்பிட்டு, அதன் தலைமை மாந்தரின் பண்புநலன்களை விளக்குக என்று கேட்பார்கள். மாணவர்களும் சளைக்காமல் எழுதுவார்கள். அன்புடையவள், பொறுமை மிக்கவள், குடும்பத்திற்காகத் தன்னைத் தேய்த்துக்கொண்டவள். அல்லது தன்னலக்காரன், ஒழுக்கம் தவறியவன், முடிவில் திருந்தியவன். உட்தலைப்பு இட்டு, அடிக்கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்து ஒரு சான்று காட்டிவிட்டால் மதிப்பெண் உறுதி. ஆண்டுக்கு இருமுறை இத்தகைய விடைத்தாள்களின் கட்டுகளைத் திருத்தும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இலக்கியத்திற்கும் அறத்திற்கும் உள்ள உறவைப் பற்றி நம்மில் பலர் கொண்டிருக்கும் கருத்து, இந்தத் தேர்வு வினாவைத் தாண்டி அதிகத் தொலைவு போய்விடவில்லை.

வாசகர்களிடையே இதுகுறித்து இரு தரப்புகள் உள்ளன. நல்லவன் வாழ்வான் என்று காட்டுவதே இலக்கியத்தின் கடமை என்பது ஒரு தரப்பு. இலக்கியத்திற்கும் ஒழுக்கத்திற்கும் தொடர்பே இல்லை, அழகும் அனுபவமும் போதும் என்பது மற்றொன்று. எதிரெதிரே நிற்பதாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் பார்வையைப் பதித்திருக்கின்றன. தவறு செய்ததாகச் சொல்லப்படும் கதைமாந்தரையே இரண்டும் பார்க்கின்றன. முதல் தரப்பு அவரைத் தண்டிக்கச் சொல்கிறது. இரண்டாம் தரப்பு விட்டுவிடச் சொல்கிறது.

நம் மொழியின் சிறந்த ஆக்கங்கள் பார்வையைச் சற்றே திருப்பி வைக்கின்றன என்பது என் துணிபு. குற்றம் சாட்டப்பட்டவரைக் காட்டிலும், அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நிற்பவரையே அவை கூர்ந்து நோக்குகின்றன. அறச்சோதனை நிகழ்வது அங்கேதான்.

இது புதுமைப் போக்கு அன்று. சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். கோவலனின் பண்புநலன்களைப் பட்டியலிட்டால் என்ன கிடைக்கும்? மனைவியைப் பிரிந்தவன், பொருளை இழந்தவன், மனம் திருந்தி வந்தவன். அவனை வைத்துக் காப்பியம் பெரிய நீதி எதையும் சொல்லவில்லை. அதன் முழுக் கவனமும் குவியும் இடம் பாண்டியன் நெடுஞ்செழியனின் ஒரு கணம். ஊடியிருக்கும் தேவியைத் தேற்ற விரைந்துகொண்டிருக்கும் மன்னனிடம் பொற்கொல்லன் வந்து சொல்கிறான். மன்னன் ஆராயாமல் கட்டளையிடுகிறான். காவலர்கூட முதலில் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் அவர்களைப் பேச்சால் மடக்குகிறான். பிறகு கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தயங்கியவர், தயங்காதவர், கேட்காமலே விட்டவர் என்று ஒரு கொலைக்குப் பின்னால் இத்தனை பேரை இளங்கோவடிகள் நிறுத்தி வைத்திருக்கிறார். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் மன்னன் தன்னையே கள்வன் என்று சொல்லி உயிர் துறக்கிறான். தீர்ப்பளித்தவன் தன்மீதே தீர்ப்பெழுதிக்கொள்ளும் காட்சி அது.

காப்பியம் அதோடும் நின்றுவிடவில்லை. மதுராபதித் தெய்வம் தோன்றிக் கோவலனின் முற்பிறப்பைக் கண்ணகிக்கு எடுத்துரைக்கிறது. அப்பிறப்பில் அவன் பரதன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொலையுண்ணச் செய்தவன். ஊழ்வினை என்று இதைக் கடந்துபோவதே நம் வழக்கம். ஆனால் அந்த வினை எதுவென்று பாருங்கள். அதுவும் விசாரணையின்றிச் சுமத்தப்பட்ட ஒரு பழிதான். இன்று ஆராயாமல் கொல்லப்பட்டவன், அன்று ஆராயாமல் கொல்லக் காரணமானவன்.

உரைநடைப் புனைவுக்கு வருவோம். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். நாவலுக்கு இருபது ஆண்டுகள் முன்பே நீதிநூல் இயற்றியவர். நாள்தோறும் தீர்ப்புச் சொன்ன ஒருவரின் கையிலிருந்து நம் முதல் நாவல் பிறந்திருக்கிறது. நல்லதும் கெட்டதும் அதில் ஐயத்திற்கு இடமின்றிப் பிரிந்து நிற்கின்றன. ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளும்போதும் சரியானதையே செய்கிறாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நூலின் நகைச்சுவையும் துணிவும் தனிச்சிறப்புடையவை. ஆனால் முன்சீப்பின் அந்த உறுதி பின்வந்தவர்களுக்கு வாய்க்கவில்லை. நீதிபதியின் நாற்காலியையே சந்தேகிக்கத் தொடங்கியபோது தமிழ்ச் சிறுகதை வயதுக்கு வந்தது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று, 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’. கதை பலருக்கும் தெரிந்ததே. மழை பெய்யும் ஒரு மாலையில், கல்லூரி மாணவிகள் நிற்கும் பேருந்து நிறுத்தத்தில், கடைசியாகத் தனித்து நிற்கும் ஏழைப் பெண்ணொருத்தியை ஓர் இளைஞன் காரில் ஏற்றிக்கொள்கிறான். அவளுக்கு அது நேர்கிறது. வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் அலறுகிறாள், அடிக்கிறாள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கிறார்கள். அப்போது தாய் ஒரு பொய் சொல்கிறாள். இப்படி மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறாளே என்றுதான் அடித்தேன் என்கிறாள். கூட்டம் கலைகிறது. மகளை உள்ளே அழைத்துச் சென்று, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

அந்நாளில் இக்கதை எழுப்பிய கொந்தளிப்பு தமிழ் வாசக வரலாற்றின் ஒரு பகுதி. அந்தப் பெண் கெட்டவளா நல்லவளா என்றே பெரும்பாலும் விவாதித்தார்கள். கதையோ அந்தப் பெண்ணைப் பற்றியது அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுக்குப் பெயர்கூட இல்லை. கதையின் உயிர்நிலை தாயிடம் இருக்கிறது. அவள் அலறியதற்கும் பொய் சொன்னதற்கும் இடைப்பட்ட சில நொடிகளில் இருக்கிறது. அந்த நொடிகளுக்கு முன் அவள் ஊரின் குரலில் பேசினாள். அதற்குப் பின் தாயின் குரலில் பேசினாள். நடுவில் என்ன நிகழ்ந்தது என்பதைப் பண்புநலன் பட்டியல் எதுவும் பிடித்துக் காட்டாது. அவள் பண்பு மாறிவிடவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். தன் சொல் ஒன்று மகளின் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கப் போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

தாம்பரத்தை ஒட்டிய பகுதியில் நான் பாடம் நடத்துகிறேன். என் வகுப்பில் அமர்பவர்களில் பாதிப்பேர் செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலிலும், முடிச்சூர், மேடவாக்கம் பக்கத்திலிருந்து பேருந்திலும் வருகிறவர்கள். பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஜி.எஸ்.டி. சாலை நிறுத்தத்தில் பேருந்து வராமல் நிற்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. இக்கதையை நடத்தும்போது வகுப்பில் வேறெப்போதும் இல்லாத ஓர் அமைதி வந்துவிடும். அதன்பின் கேள்விகள் வரும். அவற்றுள் இரண்டைச் சொல்ல வேண்டும்.

“அம்மா செய்தது சரியென்றால் அதை ஏன் மறைக்க வேண்டும் சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். மிகச் சரியான கேள்வி. பொய் சொல்லாமை அறம். மகளைக் காப்பதும் அறம். இரண்டையும் ஒருசேரச் செய்ய அந்த முற்றத்தில் இடமில்லை. அந்தத் தாய் வாய்மையைக் கைவிட்டுக் கருணையைப் பற்றுகிறாள். வள்ளுவர் குற்றமற்ற நன்மையைத் தரும் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைத்ததை நாம் எதுகை மோனையோடு ஒப்பித்துவிட்டுப் போய்விடுகிறோம். அதன் பொருள் என்ன, அதற்கு என்ன விலை என்பதை இந்தக் கதை காட்டுகிறது. விலை இதுதான்: தாயின் கருணை நான்கு சுவர்களுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியே தெரிந்தால் அதற்கு உயிர் இல்லை. தனி ஒருவரின் அறம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஊரின் தீர்ப்பு மாறாதவரை அது ஒளிந்துதான் வாழவேண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வி கடுமையானது. “தண்ணீர் ஊற்றினால் அவள் அழுக்கானவள் என்று ஒத்துக்கொண்டது போலத்தானே? அவள் என்ன தப்புச் செய்தாள்?” அறுபது ஆண்டுகளுக்கு முன் இக்கதையை எதிர்த்தவர்கள், தாய் ஏன் மன்னித்தாள் என்று கேட்டார்கள். இன்றைய மாணவி, மன்னிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் நம் சமூகம் நடந்துவந்த தொலைவு கிடக்கிறது. அவள் கேட்டதில் நியாயம் உண்டு. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்வேன். அந்தத் தாயிடம் இருந்த மொழி சடங்கின் மொழி ஒன்றே. தீட்டு, முழுக்கு, சுத்தம் என்ற சொற்களைத் தவிர வேறு சொற்கள் அவளுக்குத் தரப்படவில்லை. பெண்ணை ஒதுக்கிவைக்கவே காலங்காலமாகப் பயன்பட்ட அதே சொற்களைக் கொண்டு அவள் தன் மகளை மீட்டெடுக்கிறாள். கையிலிருந்த கருவி பழையது. செய்த வேலை புதியது.

ஜெயகாந்தனுமே அந்த முடிவோடு நின்றுவிடவில்லை என்பதுதான் இதில் வியப்பு. தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராக எழுதி, 1970-இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலாக வந்த நாவலில் அவர் அதே பெண்ணை, அதே மழையை, அதே காரை எடுத்துக்கொள்கிறார். ஒன்றை மட்டும் மாற்றுகிறார். இங்கே தாய் கனகத்தின் அலறல் அடங்கவில்லை. ஊர் அறிகிறது, அண்ணன் கணேசன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். மற்றதெல்லாம் அந்த ஒன்றிலிருந்து விளைகிறது. கங்கை படிக்கிறாள், உத்தியோகம் பார்க்கிறாள், ஆனால் ஊர் எழுதிய தீர்ப்புக்குள்ளேயே வாழ்கிறாள். ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரின் கதையில், தன்னைப் போன்ற ஒருத்தியை அவள் தாய் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொண்டதை ஒருநாள் படிக்கிறாள். தனக்கு நடந்திருக்க வேண்டியது அச்சில் இருக்கிறது. நடந்தது தன் வாழ்க்கையாக இருக்கிறது.

ஓர் எழுத்தாளர் தன் சொந்தக் கதையின் தீர்ப்பை மேல்முறையீட்டுக்கு எடுத்துக்கொண்டது போன்ற செயல் இது. பெண்ணின் பண்பு இரண்டிலும் ஒன்றே. அவளுக்கு நேர்ந்ததும் ஒன்றே. அருகில் இருந்தவர்கள் ஐந்து நிமிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதில் மட்டுமே வேறுபாடு. பண்புநலன் வினாவுக்கு இதைவிடச் சரியான மறுப்பு இருக்க முடியாது. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவல், ஏ. பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. இருந்தும் இவ்விரு ஆக்கங்களையும் அருகருகே வைத்து, ஓர் அறப் பரிசோதனையாக நாம் போதிய அளவு வாசித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

‘அக்னிப் பிரவேசம்’ என்ற தலைப்பு நம்மை ராமாயணத்துக்கு அழைத்துச் செல்கிறது. அந்த வழியில் ஏற்கெனவே ஒருவர் போயிருக்கிறார். புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாபவிமோசனம்’, ராமாயணத்தில் பழகியவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கையோடு தொடங்கும் கதை. ராமன் காலடி பட்டு எழுந்த அகலிகை, அவனைத் தன்னைப் புரிந்துகொண்ட ஒருவனாக நெஞ்சில் வைத்திருக்கிறாள். பல்லாண்டுகள் கழித்துச் சீதையின் வாயாலேயே தீக்குளித்த செய்தியைக் கேட்கிறாள். தனக்குக் கிடைத்த நீதி சீதைக்கு இல்லையா என்று அவள் மனம் இறுகுகிறது. முடிவில் அவள் மீண்டும் கல்லாகிறாள். அகலிகை குற்றவாளியா என்ற பழைய கேள்வியைப் புதுமைப்பித்தன் ஓரமாக வைத்துவிட்டார். ஒருத்திக்கு மன்னிப்பும் மற்றொருத்திக்கு நெருப்பும் தந்த நீதிபதியை, மன்னிக்கப்பட்டவளின் கண்ணால் பார்க்கச் செய்தார். விடுதலை பெற்றவளே அந்த நீதிமன்றத்தை ஏற்க மறுத்து எழுந்து போய்விடுகிறாள்.

அக்னிப் பிரவேசம் வந்த அதே 1966-இல் வெளியான தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ வேறொரு கோணத்தைத் தருகிறது. அலங்காரத்தம்மாள் தன் தவற்றை அறிந்தவள். தனக்கொரு நீதிபதியைத் தானே வளர்க்க முயல்கிறாள். மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்புகிறாள். அவன் ரிஷியைப் போல் திரும்பி வந்தால் அவன் காலடியில் தன் பாவம் தீரும் என்று நம்புகிறாள். அவனோ இந்துவிடம் திரும்பிப் போகிறான். அம்மாவைத் தண்டிக்கவும் மன்னிக்கவும் தகுதியுள்ள தூயவனாக அவன் ஆகவில்லை. சாதாரண மனிதனாக ஆகிவிட்டான். நாவலில் தீர்ப்பே வழங்கப்படாததற்குக் காரணம், நாற்காலியில் அமர ஆள் வரவில்லை என்பதுதான். வேறு எந்த வழியிலும் அலங்காரத்தம்மாளின் துயரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது.

வெளியுலகிலிருந்து ஒன்று சொல்வதானால், டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’. ஒரு கொலை வழக்கில் ஜூரியாக அமரும் நெஹ்லூதவ், குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் தன்னால் சீரழிக்கப்பட்ட மாஸ்லவா என்று அறிகிறான். ஜூரிகள் அவளைக் காப்பாற்ற எண்ணியும், கொல்லும் நோக்கமில்லை என்ற ஒரு தொடரை எழுத மறந்ததால் அவள் சைபீரியாவுக்கு அனுப்பப்படுகிறாள். தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவனே முதல் குற்றவாளி. இந்த இடத்தில் ஜெயகாந்தனைப் பற்றிய ஒரு மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும். காரில் வந்தவன் சிறுகதையில் மழையோடு மறைந்துவிடுகிறான். நாவலில் பிரபு என்ற பெயரும் பரிதாபமும் பெறுகிறான். ஆனால் அவன் நெஹ்லூதவைப் போலத் தன் செயலை எதிரே நிறுத்திப் பார்க்கிறவன் அல்லன். அவனது பலவீனம் நமக்கு நன்றாகவே புரிகிறது. அந்தப் புரிதல் சற்று எளிதாகவே அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. தாயிடம் அவ்வளவு கூர்மையாகக் கேட்ட கேள்வியை ஆசிரியர் அவனிடம் அதே கூர்மையோடு கேட்கவில்லை.

இப்படிப் பேசினால் எல்லாத் தவறுகளும் சரியாகிவிடாதா, சூழ்நிலையைக் காட்டி யாரையும் விடுவித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் சொல்வது அதற்கு நேர்மாறானது. தீர்ப்பளிப்பவரையும் கூண்டில் ஏற்றும்போது அறத்தின் எல்லை விரிகிறது, சுருங்குவதில்லை. கோவலன் கொலையில் மன்னனோடு பொற்கொல்லனும், வாளை வீசிய கல்லாதவனும், தயங்கியும் தடுக்காமல் நின்ற காவலரும் பொறுப்பேற்க வேண்டியவர்கள் ஆகிறார்கள். கங்கையின் வாழ்வில் பிரபுவோடு கணேசனும், எட்டிப் பார்த்த அண்டைவீட்டாரும், ஏன், வார இதழில் கதை படித்துக் கொதித்தெழுந்த வாசகரும் வந்து சேர்கிறார்கள்.

நம் காலத்துக்கு இது எட்டாத செய்தியன்று. அன்றைய ஒண்டுக்குடித்தன முற்றத்தின் வேலையை இன்று எங்கள் புறநகர் அடுக்குமாடிகளின் வாட்சப் குழுக்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒரு பெண் இரவு எந்நேரம் திரும்பினாள், யாருடைய வண்டியில் வந்து இறங்கினாள் என்பது அவள் மின்தூக்கியில் ஏறுவதற்குள் பலர் கைக்குப் போய்விடுகிறது. மழையில் நனைந்து வந்ததற்காக அடித்தேன் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைக்க ஒரு தாய்க்கு இன்று அந்தச் சில நொடிகள்கூடக் கிடைக்குமா என்பது ஐயமே. ஆகவே அந்த நொடிகளில் ஒரு மனம் எப்படித் திரும்பியது என்பதை எழுதி வைத்திருக்கும் கதைக்கு இன்று தேவை கூடியிருக்கிறது.

தேர்வு வினாவை மாற்றுவது என் கையில் இல்லை. வகுப்பில் கேட்கும் வினாவை மாற்றலாம், மாற்றியும் வருகிறேன். இந்தக் கதையில் தீர்ப்புச் சொல்பவர் யார், அந்த உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்கள், தீர்ப்புச் சொல்வதற்கு முன் அவர் எதைக் கேட்கத் தவறினார் என்று கேட்கிறேன். விடைகள் ஒழுங்காக உட்தலைப்பில் அடங்குவதில்லை. ஒரே மேசையில் அமர்ந்திருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் முரண்படுகிறார்கள். மதிப்பெண் போடுவதற்கு இடைஞ்சலான விடைகள். ஆனால் அவற்றை எழுதுகிறவர்கள் கதைமாந்தரைப் பற்றி மட்டும் எழுதுவதில்லை. தம் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவர்களைப் பற்றியும், சில வேளைகளில் எட்டிப் பார்த்த தம்மைப் பற்றியும் எழுதத் தொடங்குகிறார்கள். இலக்கியம் அறத்தைக் கற்பிக்கிறது என்று சொன்னால், அது கற்பிக்கும் விதம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.